அண்ணையின் காதுக்கு ஒரு கிளிப்

பேரின்பநாதன் வென்றுகொண்டே இருந்தார். அதற்குப் பின்னால் வீட்டில் எல்லோருக்கும் ஒரு கவலை இருந்தது.

கதையைக் கொஞ்சம் பின்னால் போய்ப் பிடித்துக்கொள்வோம். ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், முந்நூற்றுநாலு என்கிற சீட்டாட்டம் விளையாடிக்கொண்டிருக்கும்போது, தன் கையாலேயே கவிழ்த்து வைத்த, மற்றச் சீட்டுகளை வெட்டும் துரும்பு எது என்பதை மறந்துபோனார் அந்த மனிதர். மொன்ட்ரியாலில் இருபது வருடமாக அவருக்கு எதிரே சீட்டைப் பிடிக்கப் பயந்தவர்கள் பலர். அன்றைக்கு மேசையைப் பார்த்தார், கையில் இருந்ததைப் பார்த்தார், தம்பி கிருபானந்தனின் முகத்தைப் பார்த்தார். பிறகு "களைப்பாக் கிடக்கு" என்று எழும்பிப் போய்விட்டார்.

அதன் பிறகு கிளினிக், பரிசோதனைகள், டொக்டர் செலீன். ஞாபகம் வயதுக்கு மிஞ்சிக் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது என்றார் டொக்டர். மறதி நோயாக முற்றுமா, இப்படியே நிற்குமா என்பதை இப்போதைக்குச் சொல்ல முடியாதாம்.

மகள் சாருஜா அன்றைக்கே முடிவெடுத்துவிட்டாள். அப்பாவுக்கு மனவருத்தம் ஒன்றும் வரக்கூடாது. சித்தப்பா கிருபானந்தனையும் சித்தி சிவநேசத்தையும் போனில் பிடித்து அதைச் சொன்னாள். மூவரும் கூடிச் செய்த ஏற்பாட்டின்படி, அன்றிலிருந்து பேரின்பநாதன் ஓர் ஆட்டமும் தோற்கவில்லை.

இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமைதான். காலையிலேயே ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் லவால் நகரிலிருந்து சாருஜாவின் போன் வந்துவிட்டது.

"சித்தப்பா, இண்டைக்கு நீங்கள்தான் அப்பாவோட கதைக்கவேணும். அறை ஒழுங்கு பண்ணிப்போட்டன், கட்டிலும் வந்திட்டுது. அவர் தனிய அந்த அப்பார்ட்மென்டில அடுப்பு மூட்டிக்கொண்டு இருக்க, எனக்கு வேலையில மனம் நிக்குதில்லை. நான் சொன்னா ஓம் ஓம் எண்டுறார், பேந்து ஒண்டும் இல்லை. நீங்கள் சொன்னாக் கேப்பார்."

"அங்க வந்து அவர் என்ன பிள்ளை செய்யிறது?"

"ஒண்டும் செய்யத் தேவையில்லை. அதுக்குத்தானே கூப்பிடுறன். உழைச்சுக் களைச்ச மனுசன், இனிச் சும்மா இருக்கட்டும்."

அவள் சொன்னதில் கிருபானந்தனால் ஒரு பிழையும் கண்டுபிடிக்க முடியவில்லை. நம் ஆட்களுக்கு ஒருவர் மேல் அன்பு மிஞ்சிவிட்டால், அவரைக் கதிரையில் இருத்தி, கையில் தேத்தண்ணீரைக் கொடுத்து, அப்புறம் அசையவே விடமாட்டோம்.

அண்ணனைக் கூட்டிவரச் சட்டையை மாட்டிக்கொண்டு அவர் இறங்கும்போது சிவநேசம் குசினிக்குள் இருந்து கேட்டாள்: "இஞ்சருங்கோ, பிரஷர் குளிசை போட்டனீங்களோ?"

"ஓம், ஓம்."

குளிசைப் போத்தல் அவருடைய டாக்சியின் டாஷ்போர்ட் பெட்டிக்குள் மூடி திறக்காமல் கிடந்தது. பகல் முழுக்க டாக்சிக்குள் இருந்தபடி, மூன்று சீனி போட்ட கோப்பியும் சிகரெட்டுமாக ஐம்பத்தெட்டு வயதுக்கு வந்து சேர்ந்தவர் அவர். டொக்டர்மாரை அண்ணனுக்காகத் தேடிப் போவாரே தவிர, தனக்கென்றால் ஆயிரம் சாட்டுச் சொல்வார்.

அண்ணன் இருப்பதும் தம்பியைப் போல மொன்ட்ரியால்-நோர் பகுதியில்தான், ஆற்றங்கரைப் பக்கம். முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பி வீட்டுக்கு நடந்தே வந்துவிடுவார். தனிய நடக்கவிடக்கூடாது என்ற சாருஜாவின் உத்தரவுக்குப் பிறகு அதுவும் நின்றுபோனது.

பேரின்பநாதன் கோட்டைப் போட்டுக்கொண்டு கீழே வாசலில் நின்றார். அறுபத்துநாலு வயது, நிமிர்ந்த முதுகு. மனைவி போன பிறகும் சேர்ட்டைத் தேய்த்து மினுக்காமல் வெளியே இறங்காதவர்.

"காரை விட்டிட்டு வா. கொஞ்சம் நடப்பம்" என்றார்.

"குளிரெல்லே அண்ணை."

"இதுவோ குளிர்?"

மறுபேச்சுப் பேசாமல் கிருபானந்தன் இறங்கினார். மேப்பிள் இலைகள் நடைபாதையெல்லாம் கொட்டிக் கிடந்தன. ஆற்றோரமாய் நடக்கத் தொடங்கியதும் தம்பிக்கு மூச்சு வாங்கியது, அண்ணனுக்கு இல்லை. அதைப் பார்த்து அண்ணன் சிரித்தார்.

"எண்பத்தாறாம் ஆண்டு குளிர் ஞாபகம் இருக்கோ உனக்கு? அஞ்சு பேருக்கு ரெண்டு கோட்டு."

இருக்காமல் எங்கே போகும். கோட்-டே-நேஜ் பகுதியில் ஒரு அறை, ஒரு குசினி. கனடாவுக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. பார்க் அவென்யூவில் ஒரு கிரேக்கச் சாப்பாட்டுக் கடையில் அண்ணனுக்குக் கோப்பை கழுவுகிற வேலை. கோட்டுப் போட்டவன் வேலைக்குப் போக, போடாதவன் வீட்டில் கிடப்பான். ஞாயிறு ஒருநாள்தான் ஐந்து பேரும் ஒன்றாக இருப்பது. ஹீற்றரில் காலுறைகள் காயும். டெப்பனர் என்கிற மூலைக் கடையில் கேட்டு வாங்கிவந்த பால் பெட்டியைக் கவிழ்த்துவிட்டால் அதுதான் சீட்டு மேசை. காசு வைத்து விளையாட ஒருவனிடமும் வழியில்லை. குளியலறைக் கொடியில் இருந்து மரக் கிளிப் ஒன்றைக் கழற்றிக் கொண்டுவந்து, "தோக்கிறவன் காதில இதை மாட்டிக்கொண்டுதான் மிச்ச நாளெல்லாம் திரியவேணும்" என்று சட்டம் போட்டவரும் அண்ணன்தான். கிளிப்போடு கடைக்குப் போய், பாண் வாங்கி, பிரெஞ்சில் நன்றிக்கு மெர்சி சொல்லிவிட்டு வந்த நாட்கள் எல்லாம் உண்டு.

"இரவி சீட்டுக்கட்டில ஒண்டைத் துலைச்சுப்போட்டான்" என்றார் பேரின்பநாதன், அந்த ஐவரில் ஒருவனை நினைத்து. "கலாவரைச் சாதியில ஏழு. நீ சோப்புப் பெட்டி மட்டையை வெட்டி அதில கீறினனி."

"தடிச்ச மட்டை."

"அது ஆரின்ர கையில இருக்கெண்டு முழுப் பேருக்கும் தெரியும். தெரிஞ்சும் தெரியாத மாதிரி இருந்து விளையாடினம்."

இருவரும் நின்று சிரித்தார்கள். அந்தக் கஷ்டத்துக்குத் திரும்பிப் போக யாருக்குத்தான் ஆசை? ஆனாலும் அந்த அறைக்குள் ஒருமுறை, ஒரே ஒருமுறை, பால் பெட்டிக்குப் பக்கத்தில் போய்க் குந்திவிட்டு வரமுடிந்தால் என்று கிருபானந்தனின் மனம் கிடந்து அடித்தது. சோப்பு மட்டையைக்கூட ஞாபகம் வைத்திருக்கிற இந்த மனிதருக்கா மறதி?

"இரவி இண்டைக்கு வாறானோ?" என்று கேட்டார் அண்ணன்.

"இரவி ரொறொன்ரோவுக்குப் போட்டானெல்லே அண்ணை. போன வருசம். அதாலதானே சாருவை விளையாட இருத்தினது."

"ஓம், ஓம். போட்டான்."

இலைகள் காலுக்குள் மிதிபட்டன.

"அண்ணை, சாருஜா லவாலில..." என்று தொடங்கினார் கிருபானந்தன்.

"அறை போட்டிருக்கிறாள். தெரியும். அதுக்கு முதல் நான் ஒண்டு கேக்கிறன், நேராச் சொல்லு. போன ஞாயிறு நேசம் எல்லாத்துக்கும் மேலான வீரன் சீட்டைக் கையில வச்சுக்கொண்டு ஏன் போடாமல் விட்டவ?"

கிருபானந்தன் ஆற்றைப் பார்த்தார்.

"உன்ர மனுசி நல்லா விளையாடுற ஆள். அப்பிடி விடுற ஆள் இல்லை. எத்தினை கிழமையா இந்த நாடகம்?"

"அண்ணை, டொக்டர் சொன்னவ..."

"டொக்டர் சொன்னதை நானும் கேட்டனான்தானே. அவ பிரெஞ்சில சாருக்குச் சொல்ல, சாரு எனக்குத் தமிழில பாதியைச் சொன்னாள். இருபது வருசம் கோப்பை கழுவியும் பக்டரியில துணி வெட்டியும் பழகின பிரெஞ்சு என்னட்டை இருக்கு. எனக்குக் காதும் இருக்கு." குரலில் கோபம் இல்லை, களைப்பு இருந்தது. "இது கூடினாலும் கூடும், நிண்டாலும் நிக்கும் எண்டவ. நிப்பாட்ட மருந்து இல்லையாம். ஆனா பிரஷரைக் கட்டுப்பாட்டில வைச்சு, நடந்து திரிஞ்சு, ஆக்களோட கதைச்சுப் பேசி, மண்டைக்கு வேலை குடுத்தா ஆபத்துக் குறையலாமாம். உறுதி சொல்லமாட்டாவாம், ஆனா செய்து பாக்கச் சொல்லித்தான் சொன்னவ. நீங்கள் என்ன செய்யிறியள்? நடக்கவிடாமல் காரில ஏத்திறியள். மண்டைக்கு வேலை வைக்காமல் வெல்ல விடுறியள். அந்தக் கிளிப் என்ர காதில ஏறி எவ்வளவு காலம்?"

கிருபானந்தனுக்கு வெட்கமாகிவிட்டது. நல்லது செய்கிறோம் என்று நினைத்து, இந்த மனிதரை மேசையில் வெறும் பொம்மையாய் இருத்தியிருக்கிறோம்.

"இண்டைக்கு நீ எனக்கு எதிராய் இரு" என்றார் அண்ணன். "கூட்டாய் இருந்தா நீ எனக்காகவும் விளையாடிப்போடுவாய். சாரு என்னோட இருக்கட்டும். ஒரே ஒரு ஆட்டம். நான் தோத்தா மறுபேச்சில்லாமல் லவாலுக்குப் போறன். நான் வெண்டா என்ர இடத்தில நான் இருப்பன். நீ நாளைக்கு என்னோட கிளினிக்குக்கு வந்து உன்ர பிரஷரைப் பாக்கிறாய்."

"எனக்கென்ன வருத்தம்?"

"இவ்வளவு தூரம் நடக்க நாய் மாதிரி இளைக்கிறாய். குளிசை எங்க ஒளிச்சு வைச்சிருக்கிறாய் எண்டு நேசத்துக்குச் சொல்லட்டோ?"

நடந்து முடித்து, டாக்சியை எடுத்துக்கொண்டு இருவரும் தம்பி வீட்டுக்கு வந்தார்கள்; மத்தியானச் சாப்பாட்டுக்குச் சாருஜாவும் வந்து சேர்ந்தாள். டொக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னதால் சிவநேசம் மீன்குழம்பில் உப்பை அடியோடு நிறுத்தியிருந்தாள். ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்கள்.

"நேசம், குறைக்கத்தானே சொன்னவ" என்றார் பேரின்பநாதன் மெதுவாக.

"உங்களுக்காகத்தான் அத்தான்."

"எனக்காக எல்லாரும் பட்டினி கிடக்கிறியள்."

சாருஜாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவள் சித்தப்பாவைக் கண்ணால் கேட்டாள், கதைத்தாச்சா என்று. கிருபானந்தன் கோப்பையைக் குனிந்து பார்த்துக்கொண்டார். பந்தயம் இரண்டு பேருக்குள்தான் இருந்தது.

மேசை துடைக்கப்பட்டது. மரக் கிளிப், அதே பழைய கிளிப், துருப்பிடித்த கம்பியோடு நடுவில் வைக்கப்பட்டது. தகப்பனுக்கு முன்னால் கூட்டாளியாய் இருக்கச் சொன்னதும் சாருஜா சந்தோசமாய் மாறி இருந்தாள். அவள் விளையாட்டுக் கொஞ்சம் மட்டம்தான் என்றாலும் அப்பாவை எப்படியும் வெல்லவைக்க வேண்டும் என்ற முடிவோடு இருந்தாள்.

பேரின்பநாதன் தன் சீட்டுகளைப் பார்த்து, நூற்றெழுபது புள்ளி கேட்டு, ஒன்றை எடுத்துக் கவிழ்த்து வைத்தார். அதுதான் துரும்பு.

இரண்டாம் சுற்றுப் பிடியில் கை நின்றுவிட்டது.

மேசையைப் பார்த்தார். கையைப் பார்த்தார். ஆவணி மாதத்து அதே பார்வை. சிவநேசம் மூச்சை அடக்கிக்கொண்டாள். சாருஜா வாயைத் திறக்கப் போனாள். கிருபானந்தன் கையைத் தூக்கி வேண்டாம் என்றார்.

கவிழ்த்தவர் எடுத்துப் பார்க்கலாம், விதி அதற்கு இடம் கொடுக்கிறது. பேரின்பநாதன் அவசரப்படாமல் சீட்டின் ஓரத்தைக் கிளப்பிப் பார்த்தார், தலையை ஆட்டிக்கொண்டார், விளையாட்டைத் தொடர்ந்தார். இவ்வளவு நாளும் அதற்குக்கூட ஒருவரும் அவருக்கு நேரம் கொடுத்ததில்லை.

மூன்றாம் பிடியில் துரும்பு வெளியே வந்தது. கலாவரை. கிருபானந்தனின் கையில் கலாவரை வீரன் இருந்தது. இந்த விளையாட்டில் வீரனுக்கு மேல் சீட்டு இல்லை. சாருஜா இறக்கிய கலாவரைப் பத்தை அவர் அதனால் பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை. எட்டைப் போட்டுவிட்டுச் சும்மா இருந்தார். சிவநேசத்திடம் துரும்பே இருக்கவில்லை.

விளையாட்டு முடிவுக்கு வந்தது. ஆளுக்கு இரண்டே சீட்டு. கேட்ட நூற்றெழுபதும் நிறைய அண்ணனுக்கு இன்னும் ஒரு பிடி போதும். கிருபானந்தனின் கையில் கலாவரை வீரனும் கலாவரை ஏழும்.

பேரின்பநாதன் கலாவரை ஒன்பதை இறக்கினார்.

ஏழைப் போட்டால் அண்ணன் வென்றுவிடுவார். ஆற்றோரத்து அப்பார்ட்மென்ட், மினுக்கிய சேர்ட்டு, தன் அடுப்பு, தன் சாவி எல்லாம் அவரோடு இருக்கும். வீரனைப் போட்டால் இன்றோடு அது எல்லாம் போய்விடும். போட்டவன் தம்பி. ஐந்து பேருக்கு இரண்டு கோட்டு இருந்த காலத்தில், தன் முறையையும் விட்டுக்கொடுத்துக் கோட்டைத் தம்பிக்குப் போட்டு அனுப்பிய அண்ணன் இவர். கிருபானந்தனின் விரல் ஏழுக்குப் போனது.

நிமிர்ந்தார். அண்ணன் சீட்டைப் பார்க்காமல் இவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கிருபானந்தன் வீரனைப் போட்டார்.

"சித்தப்பா" என்றாள் சாருஜா, நம்பமுடியாத குரலில்.

"வீரன் உன்னட்டையோ கிடந்தது" என்றார் பேரின்பநாதன். "முதலே போட்டுதெண்டு நினைச்சன்." கடைசிச் சீட்டையும் மேசையில் எறிந்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு தலையைச் சாய்த்து, இடது காதைக் காட்டினார். "மாட்டடா."

தம்பி கிளிப்பை எடுத்து அந்தக் காதில் மாட்டினார். கம்பி இறுகியதும் "ஆ" என்று முகத்தைச் சுழித்த அந்த மனிதரின் கண்ணில், மாதக்கணக்காகக் காணாமல் போயிருந்த பழைய குறும்பு திரும்பி வந்திருந்தது.

"சாருக்கும் ஒண்டு. கூட்டாளியும் தோத்ததுதானே" என்றார்.

சிவநேசம் கொடியில் இருந்து பிளாஸ்ரிக் கிளிப் ஒன்றை எடுத்துவந்து பிள்ளையின் காதில் மாட்டினாள். தகப்பனும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சாருஜா சிரிக்கத் தொடங்கி, சிரிப்பு நடுவில் அழுகையாகி, தகப்பனின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். "பயமா இருக்கப்பா" என்றாள்.

"எனக்கும்தான் பிள்ளை." அவர் அவளுடைய தலையைத் தடவினார். "அறையை ஒழுங்கு பண்ணு. வாறன்."

சாருஜா நிமிர்ந்தாள்.

"ஆனா என்னைக் கதிரையில இருத்தாதை. என்ர சோத்தை நான் காய்ச்சுவன், உங்களுக்கும் சேத்து. உப்புப் போட்டு, கொஞ்சமா. இந்த வருசம்தானே லவாலுக்கு மெட்ரோ வந்தது. ஞாயிறு நானே அதில ஏறி இஞ்ச வருவன். வழி மாறினா ஆரையும் கேட்டு வருவன், கேக்கப் பிரெஞ்சு இருக்கு."

கிளிப் மாட்டிய காதோடு அவள் கனநேரம் யோசித்தாள். "முதல் ரெண்டு ஞாயிறு நானும் கூட வாறன்" என்றாள்.

"வா. காரில இல்லை, மெட்ரோவில."

சாயந்தரம் அவர் வீட்டுக்கு நடந்தே போவதாகச் சொன்னபோது சாருஜா கார்ச் சாவியை எடுத்தாள். சித்தியைப் பார்த்தாள். பிறகு சாவியைக் கைப்பைக்குள் போட்டுவிட்டாள்.

கிருபானந்தன் தெரு மூலை வரைக்கும் கூடப் போனார். எதிரே வந்த வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி கிளிப்பைப் பார்த்துவிட்டுப் பார்க்காதவள் மாதிரிப் போனாள். பேரின்பநாதன் அவளுக்கு ஒரு போன்சூர் வைத்தார்.

"நாளைக்குக் கிளினிக்" என்றார் தம்பியிடம்.

"நான் வெண்டனானெல்லே."

"வெண்டாலும் வா. ரெண்டு பேரும் மறந்துபோய் நிண்டா ஆர் ஆருக்குத் துரும்பைச் சொல்லுறது?"

கிருபானந்தன் தலையாட்டினார்.

"மற்றது, மூண்டாம் பிடியிலயே நீ வீரனை இறக்கியிருக்கவேணும்" என்றார் அண்ணன். "பொத்தி வச்சிருந்தனி."

கிருபானந்தன் அப்படியே நின்றுவிட்டார். "என்னட்டை இருந்தது உங்களுக்குத் தெரியுமோ?"

"நேசத்திட்டத் துரும்பில்லை. சாருவிட்ட இருந்திருந்தா அவள் அப்பவே போட்டுக் குடுத்திருப்பாள். வேற ஆரிட்ட இருக்கும்?"

"தெரிஞ்சுகொண்டோ ஒன்பதை இறக்கினீங்கள்? அண்ணை, வீடு போச்சே."

"போகட்டும். நீ போடுறியோ இல்லையோ எண்டு எனக்குப் பாக்கவேணும்." கையை நீட்டித் தம்பியின் கோட்டுக் கழுத்தை இழுத்து மூடினார், அந்தக் காலத்தில் செய்த மாதிரியே. "போட்டாய். எனக்கு அது காணும்."

இரண்டு அடி நடந்தவர் திரும்பினார்.

"இரவிக்குச் சொல்லு, அடுத்த ஞாயிறு நேரத்துக்கு வரச்சொல்லி. சாருக்கு இன்னும் விளையாட்டுப் பத்தாது."

கிருபானந்தன் அவரைப் பார்த்தார். அந்த முகத்தில் விளையாட்டு ஒன்றும் இல்லை.

"சொல்லுறன் அண்ணை."

நிமிர்ந்த முதுகும் காதில் கிளிப்புமாக அவர் திருப்பத்தில் மறையும்வரை கிருபானந்தன் அங்கேயே நின்றார். பிறகு டாக்சிக்குப் போய் டாஷ்போர்ட் பெட்டியைத் திறந்து, குளிசைப் போத்தலை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். வீட்டுக்குள் வந்ததும் ரொறொன்ரோவுக்குப் போன் எடுத்தார்.

"அண்ணை உன்னை அடுத்த ஞாயிறு வரட்டாம் இரவி. சீட்டு விளையாட."

மறுமுனையில் இரவிச்சந்திரன் "நான் இஞ்ச வந்ததை அவர் மறந்திட்டாரோ?" என்று கேட்டார்.

"ஓம், மறந்திட்டார்" என்றார் கிருபானந்தன். "ஆனா வீரன் ஆரின்ர கையில இருந்ததெண்டு மறக்கேல்ல. நீ வாறியோ இல்லையோ, அதைச் சொல்லு."